மோட்டார் கொட்டாயில் வைத்த வைரம்

வைர மோதிரம் போட்ட விரலை யாராவது நீட்டினால் எனக்கு இன்றும் வயிற்றைப் புரட்டுகிறது. கல்லின் மேல் எனக்குக் கோபமில்லை. கல் என்ன செய்யும், வைத்த இடத்தில் கிடக்கும். அதைச் சுற்றி உட்கார்ந்து பேசிய வாய்களை நினைத்தால்தான் குமட்டுகிறது. அந்த வாய்களுக்கு இத்தனை வருஷம் சோறாக்கிப் போட்டவள் நான். அதனால் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

மகளுக்கு ஒரு வரன் அமைந்தது. பையனுக்குச் சென்னையில் வேலை. அலட்டல் இல்லாத பையன், மகளுக்கும் பிடித்துப்போயிற்று. எல்லாம் பேசி முடித்துக் கிளம்புகிற நேரத்தில் பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நிச்சயத்துக்கு மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவீங்க இல்ல? அது வைரமா இருந்துட்டா பாக்கறவங்களுக்கு ஒரு மரியாதையா இருக்கும்" என்றார். அவர் கேட்கவில்லையாம், சும்மா சொன்னாராம். இந்தச் 'சும்மா சொன்னேன்' இருக்கிறதே, அதற்கு நேராகக் கையை நீட்டிக் கேட்டுவிடலாம். என் வீட்டுக்காரர் வாசல் வரை போய், "அதுக்கின்னாங்க, போட்டுட்டா போச்சு" என்று தலையை ஆட்டிவிட்டு வந்தார். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் கரும்பு வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. வெட்டிய கரும்பு ஆலைக்குப் போய்ச் சேர்ந்து காசாகத் திரும்புவதற்குள் நாக்கு வறண்டுவிடும். ஆனால் சபையில் தலையாட்டுவதில் மட்டும் எங்கள் ஆள் கம்மி வைக்கமாட்டார்.

புது வைரத்தின் விலையைக் கடையில் கேட்டுவிட்டு வந்தவருக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அப்போதுதான் அவருடைய அக்கா ஒரு தரகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது களமருதூரில். எங்கள் வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் எங்களுக்கு முன்பாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். கேட்டால், தம்பி குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஒரே கவலைதானாம்.

தரகர் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பழைய நகை வாங்கி விற்கிறவர். சட்டைப் பையிலிருந்து ரோஸ் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"மல மேல பெரிய வூட்டு சொத்துங்க. கல்வராயன் மலையில செல்வாக்கா இருந்தவங்க போட்ட மோதரம். இந்த மாதிரி வேலை இன்னிக்கு எவன் செய்யறான்?"

கள்ளக்குறிச்சியில் விற்கிற எல்லாப் பழம்பொருளும் மலைமேல் பெரிய வீட்டிலிருந்துதான் இறங்கி வருகிறது. குத்துவிளக்கு, தேக்குக் கட்டில், ஊஞ்சல் சங்கிலி, எதைக் கேட்டாலும் அந்த வீடுதான். இத்தனை சாமான் ஒரு வீட்டில் இருந்திருந்தால் மனுஷர் கால் நீட்டிப் படுக்க இடம் இருந்திருக்காது. ஆனால் மோதிரம் அழகுதான், அதில்லை என்று சொன்னால் பொய். செம்பு ஓடிய பழைய தங்கம், நடுவில் மிளகளவுக்கு ஒற்றைக் கல். ஜன்னல் பக்கம் திருப்பினால் பளிச்சென்று அடித்தது. மகள் அதை வாங்கித் தன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினாள். கல்லுக்குள் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து ஓரம் வரைக்கும் மெல்லிய கீறல் ஒன்று.

"அதான் வெல கம்மி" என்றார் தரகர், கூச்சமே இல்லாமல்.

நாத்தனார் மார்பில் கை வைத்துக்கொண்டார். "கரும்புள்ளி தோஷமாச்சே!"

எனக்குப் புள்ளியும் பொருட்டில்லை, கீறலும் பொருட்டில்லை. விரலில் போட்டால் யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? என் பெண் மனசுக்குப் பிடித்த இடத்துக்குத் தகராறு இல்லாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். வாங்கிவிடலாம் என்று முதலில் சொன்னவளே நான்தான்.

ஆனால் எங்கள் பக்கத்தில் வைரத்தை அப்படி உடனே வாங்கிவிடமாட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். சாமி மாடத்திலோ தலையணைக்கு அடியிலோ வைத்துவிட்டு, வீட்டில் என்ன நடக்கிறது என்று கவனிப்பார்கள். எல்லாம் நல்லபடியாகப் போனால் கல் அந்த வீட்டுக்கு ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். கெட்ட கனவு வந்தாலோ, யாராவது விழுந்து வாரினாலோ, மாடு கன்றுக்கு ஏதாவது ஆனாலோ கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விற்கிறவரும் மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்வார். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வைத்துப் பார்த்துவிட்டுப் போகட்டுமே என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பதில் கேட்டுக்கொள்வதாகச் சொல்லித் தரகர் மோதிரத்தை விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மணலூர்பேட்டையில் எங்கள் பெரியம்மா முறை ஒருத்தருக்குக் கருமாதி. காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தேன். சாமி மாடத்துப் பக்கம் நாத்தனார் மஞ்சள் துணியும் கையுமாக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். மோதிரத்தை முடிந்து மாடத்தில் வைக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்து கை கால் கழுவிவிட்டு விளக்கேற்றப் போனால் மாடத்தில் முடிச்சு இல்லை.

"அண்ணி, மோதிரம் எங்க?"

நாத்தனார் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "அது பத்திரமா இருக்குது. கல்யாணப் பொண்ணு இருக்கிற வூட்ல கண்ட கல்லையும் வெக்க முடியுமா? மோட்டார் கொட்டாயில குடுத்து வெச்சிருக்கேன்."

மோட்டார் கொட்டாய் எங்கள் கரும்புக் கொல்லையின் ஓரத்தில் இருக்கிறது. அந்த வருஷம் கரும்பு வெட்ட மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியும் அவர்களுடைய பெண் குழந்தையும் அதில் தங்கியிருந்தார்கள். மேலே ஓலை, மூன்று பக்கம் மண் சுவர், ஒரு பக்கம் கரண்ட் பெட்டி. அவன் வெட்டுக்குப் போவான். அவள் காலையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து மாட்டுக் கொட்டகையைக் கூட்டி, அரிசி புடைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "அங்க எதுக்கு வெக்கணும்?"

"இன்னா இப்படிக் கேக்கற? கல்லு நல்ல கல்லா கெட்ட கல்லான்னு பாக்கணுமா வேணாமா? சாமி பொருளு, பிரிக்காம மூலையில வெச்சிக்கோன்னு சொல்லிக் குடுத்தேன். அதுவும் சரின்னு வாங்கிக்கிச்சி."

"அவங்க வூட்ல ஏதாவது ஆயிட்டா?"

"அதுங்களுக்கு இன்னா ஆவப்போவுது? ஆனா நமக்குத் தெரிஞ்சிடும் இல்ல?"

பூண்டுத் தோலை ஊதிவிட்டு அடுத்த பல்லை எடுத்தார். ஆற்றில் ஆழம் பார்க்க அடுத்தவன் பிள்ளையை இறக்கிவிடுகிறவர்களைப் பற்றிப் பேச்சில்தான் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக் கூடத்தில், என் முறத்தை வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருக்கும் என்று நினைத்ததில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் சாய்வு நாற்காலியில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டேன். "அக்கா பெரியவங்க, அவங்களுக்குத் தெரியாததா?" என்றார். போனிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

நான் செருப்பை மாட்டினேன். எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று தெரிந்ததும் நாத்தனார் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நடுவுல எடுக்கக் கூடாது! எடுத்தா அவ்வளவும் நம்ம மேல திரும்பும்!" அவர் கத்தியது தெருவரைக்கும் கேட்டிருக்கும். நான் நிற்கவில்லை.

கொட்டாயில் குழந்தை உரச் சாக்கின் மேல் சுருண்டு கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், அனலாகக் கொதித்தது. மூச்சு விடும்போது விலா உள்ளே போய்ப் போய் வந்தது. அவள் ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் இல்லை. மேலே ஊரில் அப்பனுக்கு முடியவில்லை என்று முந்தாநாளே மலையேறிப் போயிருந்தான். போன் போட்டால் டவர் கிடைக்கவில்லை.

"எப்பத்துலருந்து இப்படி இருக்குது?"

"நேத்து பொழுது சாயறப்போ சுட்டுச்சிம்மா. காலையில வந்து ஐயாவ கேட்டேன், ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போவணும்னு. அக்காவ கேட்டுக்கோன்னாரு. அந்தம்மா, நாளைக்குப் போவலாம், சாமி பொருளு இருக்கிற எடத்த வுட்டுட்டுப் போவக் கூடாதுன்னாங்க."

காலையிலேயே இதைத் தெரிந்துகொண்டுதான், அதுங்களுக்கு இன்னா ஆவப்போவுது என்று என்னிடம் பூண்டு உரித்திருக்கிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தம்மாவின் பேரனுக்கு மூக்கு ஒழுகினால் களமருதூரிலிருந்து உளுந்தூர்பேட்டைக்குக் கார் பிடிப்பார்கள்.

பணப்பையை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி மூச்சு வாங்குகிறது என்று நான் வாயைத் திறந்ததும் நாத்தனார் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லல? வெச்ச அன்னிக்கே காட்டிடுச்சி. நல்லவேளை, நம்ம வூட்ல வெக்கல!" அந்த முகத்தில் இருந்த நிம்மதியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பரீட்சையில் பிள்ளை பாஸ் என்று கேள்விப்பட்ட தாயின் முகம் அப்படித்தான் இருக்கும். மகள் உள்ளே இருந்து ஓடி வந்தாள். மோதிரம் மாடத்தில் இருப்பதாகத்தான் அவளும் நினைத்திருந்தாள். விஷயம் புரிந்ததும் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்த்த டாக்டரம்மா நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று உடனே சேர்த்துக்கொண்டார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், குழந்தையின் அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஊசி போட்டு, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் வைத்து, கொஞ்ச நேரத்தில் குழந்தையின் மூச்சு ஒரு நிதானத்துக்கு வந்தது. மகள் மருந்து வாங்கப் போனாள். நானும் குழந்தையின் அம்மாவும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தோம்.

"யம்மா, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?"

"சொல்லு."

"அந்த முடிச்ச நான் கொட்டாயில வெக்கலம்மா."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"சாமி பொருளு, பிரிக்காதன்னாங்க. அவங்க போனதும் பிரிச்சிப் பாத்துட்டேன். மோதரம். எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துப்போச்சி. கொட்டாய்க்குக் கதவே இல்ல. காணாப் போனா யாரக் கேப்பீங்க? என்னியதான கேப்பீங்க? போலீஸு, கீலீஸுன்னு போனா நாங்க எங்க போவறது? அதான் அன்னிக்குக் காலையில அரிசி பொடைக்க வந்தப்பவே உங்க வூட்டு ட்ரம்முல, அரிசிக்கு அடியில போட்டுட்டேன். கேக்கறப்ப எடுத்துக் குடுத்துக்கலாம்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வார்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். தோஷக் கல் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து எங்கள் வீட்டு அரிசிக்குள் இருந்திருக்கிறது. நாத்தனார் அந்த அரிசியில் பொங்கிய சோற்றைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு, கொட்டாயில் என்ன நடக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார். கல் போகாத இடத்தில் காய்ச்சல் வந்திருக்கிறது. ஓலைக் கொட்டாயில், ஈரத் தரையில் படுக்கிற பிள்ளைக்குக் காய்ச்சல் வர வைரமா வேண்டும்? அவள் என் காலைத் தொட வந்தாள். "அந்தம்மாகிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்றாள். சொல்லமாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு நானும் மகளும் வீடு திரும்பினோம். வாசலில் தரகரின் பைக் நின்றது. நாத்தனார் போன் போட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்காமல் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் என் வீட்டுக் காபி.

"நீங்க இத்த நல்ல சகுனமா எடுத்துக்கணும்ங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "கல்லு அதோட கோவத்த அங்க காட்டிடுச்சி. தோஷம் எறங்கிப்போச்சி. இனிமே இது பச்சப் புள்ள மாதிரி. அப்பவும் உங்க மனசு சங்கடப்படக் கூடாதுன்னு நான் இன்னும் கொஞ்சம் வெல கொறச்சித் தரேன்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "முடிச்ச எடுத்துக்கினு வந்தியா?" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற பெண்டாட்டியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து பார்த்திருக்க வேண்டாம், குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாத்தனாரும் கேட்கவில்லை. தரகருக்கு அந்தப் பேச்சே வியாபாரம்.

நான் நேராகப் பின்பக்க அறைக்குப் போய், அரிசி ட்ரம்மில் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். மஞ்சள் துணி விரலில் தட்டியது. அரிசி உதிர உதிர அதைக் கொண்டுவந்து அவர்கள் நடுவில் போட்டேன்.

"இந்தாங்க. கொட்டாயில ஒரு நிமிஷம்கூட இல்ல. வெள்ளிக்கெழம காலையில நீங்க குடுத்துட்டுத் திரும்பின கையோட நான்தான் அவகிட்டருந்து வாங்கியாந்து ட்ரம்முல போட்டுட்டு பஸ்ஸுக்குப் போனேன்."

"அப்ப மத்தியானம் எங்கிட்ட வந்து எங்கன்னு ஏன் கேட்ட?" நாத்தனார் விடவில்லை.

"உங்க வாயால சொல்றீங்களான்னு பாத்தேன் அண்ணி. சொன்னீங்க."

முதலில் என் வீட்டுக்காரர் முகம்தான் மலர்ந்தது. "அப்ப நம்ம வூட்லதான் இருந்திருக்குது! நம்ம வூட்ல ஒண்ணும் ஆவலையே! கல்லு நமக்கு ஒத்துக்கிச்சிக்கா!"

தரகர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப பழைய வெலதாங்க" என்றார்.

நாத்தனார் அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடியிருந்தார். வாய் கொப்பளித்துத் துப்புகிற சத்தம் கூடம் வரை கேட்டது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கல்லு ஒத்துக்கிட்டது சரி. அதுக்காகக் கரும்புள்ளிக் கல்லு கெடந்த அரிசியத் திங்க முடியுமா? நமக்கு வேணாம். அத்தினியும் மூட்ட கட்டி கொட்டாய்க்கே குடுத்துடு. புள்ளைக்குத்தான் ஒடம்பு சரியில்லையே, கஞ்சி காச்சிக்கட்டும்."

நாங்கள் திரும்பி வந்த பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே பேச்சு அதுதான்.

நான் மோதிரத்தை எடுத்துத் தரகர் மடியில் வைத்தேன். "எடுத்துக்கினு போங்க. வேணாம்."

"ஏன்? அதான் நல்ல கல்லுன்னு தெரிஞ்சிபோச்சே!" என் வீட்டுக்காரர் பாதி எழுந்துவிட்டார்.

"கல்லுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு மாப்பிள்ளை வெரல்ல இத்தப் பாக்கறப்பல்லாம் எனக்கு உங்க மூஞ்சிங்கதான் தெரியும். அங்கேயே வாந்தி எடுத்துடுவேன்."

"சம்பந்தியம்மா கேட்டா இன்னா சொல்லுவ?"

"நான் பேசிக்கிறேம்ப்பா" என்றாள் மகள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பையனிடம் என்ன பேசினாளோ, அரைமணி நேரம் கழித்து இறங்கி வந்து, "தங்கம் போதும்" என்றாள். நிச்சயத்தன்று பையனின் அம்மா உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் மோதிரத்தைப் பார்த்தார். பிதுக்கிக்கொள்ளட்டும். கல்யாணம் நடந்தது. குழந்தையும் தேறி, மலையிலிருந்து இறங்கி வந்த அப்பன் தோளில் உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்தது. அடுத்த வெட்டுக்கு அவர்கள் எங்கள் கொல்லைக்கு வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்கமாட்டேன்.

அன்று தரகர் பைக் போன கையோடு நான் அடுப்படிக்குப் போனேன். அந்த ட்ரம் அரிசியையே அளந்து எடுத்துக் களைந்து உலை வைத்தேன். ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன். கூடத்தில் நாலு தட்டு போட்டேன். நாத்தனார் தலைவலி என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மகள் வந்து உட்கார்ந்து, போடு என்று தட்டை முன்னால் நகர்த்தினாள். என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார். சோற்றை வைத்தேன், ரசத்தை ஊற்றினேன். பிசைந்தார். உருண்டை பிடித்தார். பிடித்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்சம் முன்புதான் கல் நம் வீட்டுக்கு ஒத்துக்கொண்டது என்று குதித்த மனுஷர்.

"எனக்கு ஏனோ பசிக்கல" என்று கையை உதறிவிட்டு எழுந்தார். கச்சிராயபாளையத்துப் பரோட்டாக் கடைப் பக்கம் அவர் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது.

அவர் பிசைந்து வைத்த தட்டில் நான் சாப்பிடவில்லை. மாட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, பானையிலிருந்து எனக்குப் புதுசாக வைத்துக்கொண்டேன்.